இருபத்திரண்டுக்குப் பிறகு இருபத்தொன்பது

4 மார்ச் 1997, செவ்வாய்

ஓவியாவுக்குக் காலையில் உடம்பு லேசாகச் சுட்டது. டேகேரில் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டு சன்னிவேல் ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஃபோன் வருமோ என்று சாயங்காலம்வரை திக்திக்கென்றிருந்தது. வரவில்லை. நாலு வயசுக் குழந்தையை வைத்து இப்படியொரு திருட்டுத்தனம்.

ஆபீஸுக்கு ஜப்பான் பார்சல் வந்துவிட்டது. என் பாஸ் ராம் சார் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த வேலை. கோபே பூகம்பத்துக்கு அப்புறம் அங்கே மாகாணத்துக்கு மாகாணம் புதுத் திட்டம் போடுகிறார்களாம். எங்களுக்கு வந்திருக்கிற மாகாணத்தில் கடலோரமாகப் பதினோரு ஊர், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரோடு. அது அறுந்தால் ஆம்புலன்ஸும் போகாது, அரிசியும் போகாது. அதனால் பூமி ஆடினாலும் நிற்கிற மாதிரி ஒரு ரோடு வேண்டும். மற்ற நாட்களில் பஸ்ஸும் மீன் லாரியும் அதில் ஓட வேண்டும். இரண்டு வழி வரைந்து அனுப்பியிருக்கிறார்கள். ஒன்று கடலை ஒட்டி, ஆறு கடலில் சேருகிற இடத்தில் பெரிய பாலத்தோடு. இன்னொன்று உள்ளே தள்ளி, மலையைக் குடைந்து. கடலோர வழியை மண் தாங்குமா என்று சொல்ல வேண்டியது எங்கள் கம்பெனி. அதாவது நான்.

7 மார்ச், வெள்ளி

அடிமண்ணை எடுத்துப் பார்க்க அவர்கள் துளைத்த போர் மொத்தம் நாற்பத்தொன்று என்று முதல் பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு போருக்கும் ஒரு தாள். இருபத்திரண்டாம் தாளைத் திருப்பினால் இருபத்தொன்பது வருகிறது. நடுவில் ஆறு தாள் இல்லை. ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று ஒவ்வொரு தாளாக ஊதிப் பார்த்தேன்.

வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த ஆறு போரும் வரிசையாகப் பாலம் வருகிற இடத்தில்தான் இருக்கின்றன.

10 மார்ச், திங்கள்

ராம் சாரிடம் சொன்னேன். முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை. "வந்ததை வச்சு முடிங்க மரகதம். மீதி முப்பத்தஞ்சு இருக்கே."

இருபத்தாறு வருஷமாக இதே வேலை செய்கிறவர். பாலத்துக்கு அடியில் இருக்கிற மண்ணை விட்டுவிட்டுச் சுற்றி இருக்கிற மண்ணைப் பார் என்கிறார். தெரியாமல் சொல்கிறாரா? அவருக்கா தெரியாது?

14 மார்ச், வெள்ளி

எழுதவே கூச்சமாக இருக்கிறது. சார் சாப்பிடப் போயிருந்தபோது அவர் டிராயரைத் திறந்து பார்த்தேன்.

மேலாகவே ஒரு ஃபேக்ஸ், ஜப்பானிலிருந்து. "ஆற்று முகத்துவாரம் பற்றித் தாங்கள் தொலைபேசியில் பேசியது..." என்று ஆரம்பிக்கிறது. அதன்மேல் செக்ரட்டரிக்கு சார் கையெழுத்தில் ஒரு மஞ்சள் சீட்டு: இது மரகதத்தின் ஃபைலுக்குப் போக வேண்டாம்.

லிஃப்ட் சத்தம் கேட்டது. மூடிவிட்டு வந்துவிட்டேன். 

ஆக, சாருக்கு எல்லாம் தெரியும். எனக்கு மட்டும் தெரியக்கூடாது.

15 மார்ச், சனி

என் வீட்டுக்காரர் சபரியிடம் சொன்னேன். காரைக் கழுவிக்கொண்டே கேட்டார். "உன் கிரீன் கார்டு பேப்பர்ல சைன் பண்றவர் யாரு? அவரே. அவர் டிராயரையா நீ நோண்டுன?" அப்புறம் குழாயை மூடிவிட்டு, "ரிப்போர்ட்ல யார் சைன் பண்ணோணும்?" என்றார்.

நான்தான். கீழே என் பெயர். நாளைக்குப் பாலம் விழுந்தால் சார் பெயரா வரும்? இதுவரை எனக்கு இது தோன்றவேயில்லை.

24 மார்ச், திங்கள்

மாகாண அலுவலகத்திலிருந்து ஒகுமுரா என்ற இன்ஜினியர் வந்திருக்கிறார். ஒரு வாரம் இருப்பாராம். ஐம்பது வயது இருக்கும். மெதுவான, யோசித்துப் பேசுகிற ஆங்கிலம். நான் வாயைத் திறந்தால் உடனே சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொள்கிறார். சார் பேசும்போது எழுதுவதில்லை. கவனித்துக்கொண்டே இருந்தேன். என்னை வேவு பார்க்கவா அனுப்பியிருக்கிறார்கள்?

26 மார்ச், புதன்

ஒகுமுராவை ஓக்லண்டுக்கு டிரைவ் பண்ணிக் கூட்டிப் போனோம். எண்பத்தொன்பது பூகம்பத்தில் இரண்டடுக்கு ஃப்ரீவே இடிந்து விழுந்த இடம். இப்போது வெறும் அகலத் தெரு. கீழே சதுப்பு மண் இருந்த பகுதிதான் விழுந்தது, கெட்டி மண்ணில் நின்ற பகுதி தப்பித்தது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். சார் காரிலிருந்து இறங்கவேயில்லை. ஒகுமுரா கேட்டார்: "விழுவதற்கு முன் அந்த மண் இப்படி என்று யாருக்காவது தெரிந்திருக்குமா?"

"தெரிந்திருக்கும்" என்றேன்.

எழுதிக்கொண்டார்.

29 மார்ச், சனி

சார் சொன்னார் என்று ஒகுமுராவை எல் கமினோ ரியலில் தோசை சாப்பிடக் கூட்டிப் போனோம். ஓவியா சட்னியைக் கொட்டிக்கொண்டு "ஐ டிட்ன்ட் டூ இட்" என்று அழ, சபரி கழுவிவிட அவளைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த இரண்டு நிமிஷத்துக்காகவே காத்திருந்த மாதிரி ஒகுமுரா பேசினார்.

"நாற்பத்தொரு போர் என்று எழுதியிருக்கிறோம். எண்ணிப் பார்த்தீர்களா?"

 முப்பத்தைந்துதான் இருக்கிறது என்றேன்.

"எண்களை மாற்றி ஒன்றிலிருந்து முப்பத்தைந்து என்று போட மேலிடத்தில் சொன்னார்கள். நான் போடவில்லை." தண்ணீர் குடித்தார். "உங்கள் கம்பெனி கடிதம் எழுதிக் கேட்டால் நாங்கள் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் இருக்கிறது. கேட்காததை நானாகக் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை."

அதற்குள் சபரி வந்துவிட்டார். ஒகுமுரா ஓவியாவைப் பார்த்துச் சிரித்தார்.

நல்லவரா? இல்லை, எனக்குப் பொறி வைக்கிறாரா? நான் கேட்டு மாட்டிக்கொள்ள, அவர் ஊருக்குப் போய், "அந்தப் பெண் எல்லாவற்றையும் கிளறுகிறாள்" என்று சொல்வாரோ? யாரை நம்புவது என்றே தெரியவில்லை.

31 மார்ச், திங்கள்

சார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிவிட்டேன். ஆறு போரையும் எழுத்து மூலம் கேட்க வேண்டும் என்று. ஒகுமுரா சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்த லெட்டர் போச்சுன்னா அடுத்த மூணு வருஷ வேலை நமக்கு வராது. பதினாலு பேர் இங்க இருக்காங்க. உங்க கிரீன் கார்டுக்கு லேபர் சர்ட்டிஃபிகேட் இன்னும் வரலை. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"ஒரு வாரம் பொறுங்க. நான் பார்த்துக்கறேன்."

ரிப்போர்ட் கொடுக்க வேண்டியது வெள்ளிக்கிழமை! ஒரு வாரம் பொறுத்தால் எல்லாம் முடிந்திருக்கும். கிரீன் கார்டை ஏன் இழுத்தார்? மிரட்டல்தானே அது? மிரட்டல் இல்லாமல் வேறென்ன?

2 ஏப்ரல், புதன்

உடம்பு சரியில்லை என்று லீவு சொன்னேன். ஓவியாவை டேகேரில் விட்டேன். எல் கமினோவில் இருக்கிற ஜெராக்ஸ் கடையிலிருந்து நானே ஃபேக்ஸ் பண்ணிவிட்டேன். கம்பெனி பெயர், ப்ராஜெக்ட் நம்பர், இருபத்திமூன்று முதல் இருபத்தெட்டுவரை அனுப்பவும் என்று இரண்டே வரி. கீழே என் கையெழுத்து.

போனால் போகட்டும். திருப்பி அனுப்பினால் சொந்த ஊர் கோபிக்குப் போய் காலேஜில் பாடம் எடுக்கிறேன். சபரியிடம் இன்னும் சொல்லவில்லை.

4 ஏப்ரல், வெள்ளி

சார் கூப்பிட்டார். மேஜையில் ஒரு ஃபேக்ஸ், மாகாண அலுவலகத்தின் மேலதிகாரியிடமிருந்து. ஒரே கேள்வியைக் கேட்டு ஒரே கம்பெனியிலிருந்து இரண்டு கையெழுத்தில் இரண்டு கடிதம் வந்திருக்கிறதே, எதை அதிகாரபூர்வமாக எடுத்துக்கொள்வது என்று கேட்டிருந்தார்கள்.

இரண்டு கடிதமா?

சார் தன் கடிதத்தின் நகலைத் தள்ளினார். தேதி மார்ச் 31. நான் அறையை விட்டு வந்த அதே சாயங்காலம் அனுப்பியிருக்கிறார். இரண்டு பக்கம். ஆறு போர் இல்லாமல் கடலோர வழியைப் பற்றி இந்தக் கம்பெனி ஒரு வார்த்தையும் சொல்லாது என்று கறாராக. அதில் எங்கேயும் என் பெயர் இல்லை.

"பார்சல் வர்றதுக்கு முன்னாலயே, பிப்ரவரியில, முகத்துவாரத்து மண்ணைப் பத்தி ஃபோன்ல கேட்டேன். தேவையில்லாத கேள்வின்னு ஃபேக்ஸ் வந்தது. உங்க ஃபைல்ல அது இருந்தா, தெரிஞ்சும் சும்மா இருந்தீங்கன்னு நாளைக்கு உங்களையும் கேப்பாங்க. அதனால என்கிட்டயே வச்சுக்கிட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லெட்டர்ல உங்க பேரை விட்டதும் அதுக்குத்தான். வேலை போனா என்னோட போகட்டும், உங்க பேப்பர் நடக்கட்டும்னு."

திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை திட்டவில்லை. பாத்ரூமில் போய் நின்றேன். என்ன பண்ணிட்டேன் நான்? ஐயோ, ஒரு வாரம்தானே பொறுக்கச் சொன்னாரு!

5 ஏப்ரல், சனி

சபரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சரி விடு" என்றார். விட முடியவில்லை.

18 ஏப்ரல், வெள்ளி

ஆறு தாளும் வந்துவிட்டன. முகத்துவாரத்தில் பதினோரு மீட்டர் ஆழத்துக்கு ஈர மணல், சொதசொதவென்று. பூமி ஆடினால் கூழாகிவிடும். பாலத்தின் தூண்கள் கூழில் நிற்கும். கணக்குப் போடக்கூடத் தேவையில்லை. ஆனாலும் நானும் சாரும் தனித்தனியாகப் போட்டு ஒத்துப் பார்த்தோம். வேலையைத் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை.

ரிப்போர்ட்டில் இரண்டு கையெழுத்து. சார் முதலில் போட்டார்.

12 மே, திங்கள்

அடுத்த கட்ட வேலை எங்களுக்கு இல்லை. காரணம் எழுதியிருக்கிறார்கள்: அனுமதியில்லாமல் ஊழியர்கள் நேரடியாகக் கடிதம் அனுப்பும் நிறுவனத்தோடு தொடர இயலாது. மணலைப் பற்றி ஒரு சொல் இல்லை. சாருடைய கடிதம் மட்டும் போயிருந்தால் இந்தச் சாக்கு அவர்களுக்குக் கிடைத்திருக்காது. வேறு சாக்கு தேடியிருப்பார்கள் என்கிறார் சபரி. இருக்கலாம். நான் கொடுத்தது இதுதான்.

30 ஜூன், திங்கள்

மண் பிரிவை மூடுகிறார்கள். ஐந்து பேர். அதில் நானும். சான் ஹோஸேயில் வேலை கிடைத்துவிட்டது. கிரீன் கார்டு முதலிலிருந்து. சார் கைகொடுத்து, "நல்லா வருவீங்க" என்றார். சொல்ல வேண்டியதை இன்றும் சொல்லவில்லை.

3 அக்டோபர் 1998, சனி

போன வாரம் ஒகுமுராவிடமிருந்து கடிதம் வந்திருந்தது. ரிப்போர்ட்டை ஒரு வருஷம் கிடப்பில் போட்டுவிட்டு, ஊர்க் கூட்டத்தில் யாரோ கேள்வி கேட்டபிறகு வெளியே எடுத்தார்களாம். கடலோர வழி கைவிடப்பட்டது. ரோடு மலைக்குள் போகிறது. அவரைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சின்ன ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே மீன் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். புது வரைபடத்தையும் கூடவே வைத்திருந்தார்.

அதை எடுத்துக்கொண்டு இன்று ஃப்ரீமான்டில் ராம் சார் வீட்டுக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். ருக்மிணி ஆன்ட்டி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனதும் சொல்லிவிட்டேன். "சார், நான் உங்களைச் சந்தேகப்பட்டேன். நீங்க விலை போயிட்டீங்கன்னு நெனச்சேன். டிராயரைக்கூடத் திறந்து பார்த்தேன்."

 டம்ளரைக் கீழே வைத்தார்.

"நானும்தான் மரகதம். கிரீன் கார்டுக்குப் பயந்து சைன் பண்ணிடுவீங்கன்னு நெனச்சேன். அதனாலதான் லெட்டர் போறதை உங்ககிட்ட சொல்லலை. பேரைக் காப்பாத்தறதுக்குன்னு அன்னிக்கு சொன்னது பாதி நிஜம்தான்."

எனக்குக் கோபம் வந்தது. ஒன்றரை வருஷமாகக் குற்றத்தை நான் மட்டும் சுமந்ததற்கு. அப்புறம் அந்தக் கோபமும் நிற்கவில்லை.

"வரைபடம் கொண்டு வந்தேன்னு சொன்னீங்களே, எங்க?" என்றார்.

சாப்பாட்டு மேஜையில் விரித்தோம். சுருளாமல் இருக்க இரண்டு மூலையில் ஊறுகாய் பாட்டிலும் உப்பு ஜாடியும். சுரங்கத்தின் வடக்கு வாய் தாழ்வாக இருக்கிறது, மழைத் தண்ணீர் உள்ளே வரும் என்றார். வராது, சரிவு வெளிப்பக்கம் என்றேன். பென்சில் எடுத்தார். நானும் எடுத்தேன். ஆன்ட்டி சாப்பிட இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தட்டுகளைச் சமையல் மேடையிலேயே வைத்துவிட்டார்.