ராயனைத் தோண்டிய வாரம்

13-2-61, திங்கள்
பனி. இனி எழுதப்போவதை ஈரேழு உலகத்திலும் ஒருவன் நம்பமாட்டான் என்று சூரியன் மேல் ஆணையிட்டுப் பேனாவைத் திறக்கிறேன்.

அக்காள் மகள் சரசு மதராஸிலிருந்து வந்திருக்கிறாள். படிப்பு: பழங்கால எலும்பு. ஆனைமலைப் பக்கத்து மேட்டில் தோண்டிய ஒரு கால் எலும்பு, துண்டில் சுற்றி, கைக்குழந்தை போல மடியில். காட்டெருமையா, வீட்டு மாடா? காட்டெருமை என்றால் அந்த ஜனம் வேட்டையாடியது. மாடு என்றால் நம்மைப் போலப் பட்டி கட்டியது. இரண்டின் எலும்புக்கூட்டோடும் ஒப்பிடாமல் எழுதினால் வாத்தியார் கிழித்துப் போடுவாராம். வியாழன் திரும்பிப் போக ரயில்.

"கோயமுத்தூர்ல எலும்புக்கூடு எங்கிருந்தாலும் எனக்குத் தெரியும் அம்மணி" என்றேன். ஒன்றும் தெரியாது.

14, செவ்வாய்
வெயில். காலேஜில்: தவளை, குதிரை. காட்டிலாகா மியூசியத்தில்: யானை, புலி, காட்டெருமை! சரசு எலும்பை வைத்துப் பார்த்தாள். காட்டெருமைக் கால் கோயில் தூண், இவளுடையது ஊன்றுகோல்.

"பாதி முடிஞ்சுது மாமா."

வீட்டு மாடு? மியூசியக்காரர் சிரித்தார். "மாட்டெ ஆருங்க மியூசியத்துல வெப்பாங்க? அதுதான் ரோட்டுல நிக்குதுங்களே!"

மாட்டாஸ்பத்திரியிலும் இல்லை. சரசு காபி குடிக்கவில்லை. எனக்கும் இறங்கவில்லை (இரண்டாவது டம்ளர்).

அப்போதுதான் ராயன் ஞாபகம். என் காங்கேயம் காளை. ஊதியூர் மலையை முட்டி அரை மைல் நகர்த்தியவன். செத்து ஏழு வருஷமாகத் தோட்டத்துத் தென்னைக்கடியில். பொண்டாட்டியிடம் மெல்லச் சொன்னேன்.

"பூ வெச்சு, பொட்டு வெச்சுப் பொதைச்ச மாடுங்க. தோண்டறேன்னு சொல்ல வாய் எப்பிடி வந்துச்சு?"

"காலை அளந்துபோட்டு, இருந்தபடியே மூடிர்றேன் அத்தை" என்றாள் சரசு. ராத்திரி பொண்டாட்டி மோர் ஊற்றினாள். உப்பு இல்லை.

15, புதன்
மேகம். விடிந்து பார்த்தால் தென்னையடியில் பொண்டாட்டி, கையில் மஞ்சத்தண்ணிச் சொம்பு.

"மொதல்ல கும்புட்டுப்போட்டுத் தோண்டுங்க."

தோண்டினோம். விலாவுக்குள் தென்னை வேர். முன்னங்கால் வெளியே வந்தது. சரசு தன் எலும்பைப் பக்கத்தில் வைத்தாள். அண்ணன் தம்பி!

"மாடுதான் மாமா! மாடு வளத்த சனம்!" அந்தக் கத்தலில் சிங்காநல்லூர்க் குளத்துக் கொக்கெல்லாம் பாலக்காட்டுக்குக் குடிபோய்விட்டன.

அளந்து, வரைந்து, மூடப்போகும்போது விலா மேல் பச்சைக் களிம்பேறிய சரிகைக் கரை. பொண்டாட்டி மண்ணைத் துடைத்துப் பார்த்தாள். என் கல்யாணப் பட்டு வேட்டி. அது காணாமல் போனதற்கு ஏழு வருஷமாகச் சலவைக்காரருக்கு வசவு.

"நீ வூட்டுக்குப் போனப்பறம் ராயனுக்குப் போத்திவுட்டேன்னு நான் சொல்லாத நாளுண்டா?"

"நீங்க சொன்னா ஆருங்க நம்புவா?"

கரையை ராயன் மேலேயே திரும்பப் போட்டாள். மூடினோம். மத்தியானம் மோரில் உப்பு.

மலை நகர்ந்தது பொய். கொக்கும் பொய். வேட்டி நிசம்.