வீங்காத கை

அனுப்புநர்:
கோ. செந்தமிழ்செல்வன்,
முதுநிலை மாணவர்,
அண்ணாமலை நகர், சிதம்பரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: கை வீங்காததால் காசநோய் இல்லை எனச் சொல்லப்பட்ட என் அக்காள் மகள் பூவிழியை (வயது 6) உடனே பரிசோதிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேல்பட்டாம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டிய என் அக்காள் கணவர் பாலகுமார், கடந்த பங்குனியில் காசநோயால் இறந்தார். அவர் படுக்கையில் இருந்தபோது ஒரு தனியார் அறக்கட்டளை அந்தத் தெருவில் முகாம் நடத்தி, அவருடைய இரு மகள்களுக்கும் முன்கையில் பரிசோதனை ஊசி போட்டது. மூத்தவள் அருள்மொழிக்குத் தடித்துச் சிவந்தது; தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். பூவிழியின் கையில் சிறு தடிப்புகூட இல்லை. "இந்தப் பாப்பாவுக்கு ஒன்னும் இல்லம்மா, சுத்தமா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

2. அந்த ஒரு வாக்கியத்தின் மீதே என் புகார். அன்றுமுதல் மற்றவர்கள் வாசலோடு நிற்க, தகப்பனுக்குக் கஞ்சி கொண்டுபோனவள் பூவிழி. அவர் பாயில் படுத்தவளும் அவளே. "அம்மன் தொட்டு வச்ச புள்ள, எதுவும் அண்டாது" என்று தெரு முடிவு செய்தது. இருமல்காரர்கள் உள்ள பிற வீடுகளுக்கும் அவளைக் கூட்டிப்போனார்கள். கைக்குழந்தைகளைத் தூக்கி வந்து அவள் கையைத் தொடவைத்தார்கள். ஊசி போட்ட இடத்தில் மஞ்சள் பூசினார்கள்.

3. நான் விசாரித்த மருத்துவர் சொன்னது வேறு. வீக்கம் என்பது கிருமியை அறிந்த உடம்பு தரும் பதில். சத்தில்லாமல் மெலிந்த குழந்தையின் உடம்புக்குப் பதில் சொல்லும் தெம்பே இல்லாமல் போகலாம். அதை அறக்கட்டளையிடம் சொன்னேன். முகாம் முடிந்துவிட்டதாம்.

4. பூவிழி இப்போது இருமுகிறாள். இரண்டு சிறு இருமல், ஓர் இழுப்பு, பிறகு நீண்ட ஒன்று, அப்படியே தகப்பனுடையது. அவர் வளர்த்த நாய் அதைக் கேட்டதும் வாலாட்டிக்கொண்டு உள்ளே ஓடி, பாயைச் சுற்றி அவரைத் தேடுகிறது. என் அக்காள் வினோதினி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்து நிற்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "வெள்ளக்கோட்டு போட்டவங்களே இல்லன்னுட்டாங்க, நீ யாருடா சொல்ல? அவருதான் புள்ள இருமலா வந்து பேசுறாரு, விடு" என்கிறாள்.

5. ஆகவே மருத்துவரை வீட்டுக்கே அனுப்பிப் பூவிழிக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும். அவளை அழைத்துப்போன வீடுகளின் குழந்தைகளையும் பரிசோதிக்க வேண்டும். முகாமுக்கு வந்தவர்களே அதே தெருவில் நின்று, தாங்கள் சொன்னது தவறு என்று சொல்ல வேண்டும். என் பேச்சு அங்கே எடுபடவில்லை.

வருகிற மருத்துவருக்கு ஒரு வேண்டுகோள். யார் வந்தாலும், அவர்கள் கேட்கும் முன்பே பூவிழி கையை நீட்டி, "பாருங்க, ஒன்னும் இல்ல" என்று சிரிப்பாள். அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். தயவுசெய்து அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம்.

நாள்: 14.07.2025
இடம்: கடலூர்

தங்கள் நடவடிக்கைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
கோ. செந்தமிழ்செல்வன்