உப்பில் வைத்த கை

வெண்மணல் நாட்டையும் அதன் கழிகளையும் துறைகளையும் காத்து ஆளும் பெருந்தேவி அருண்மங்கையாரின் வாய்மொழி இது. உவர்ப்பட்டினத்து அறமன்றத்து நடுவர் பூதங்கண்ணனார்க்கும், அவரோடு உடனமரும் மன்றத்தார்க்கும் விடுத்த ஓலை. உங்கள் துறைக்குக் கலங்கள் குறைவின்றி வருக. உங்கள் ஊருணி கோடையிலும் வற்றாதிருக்க. உங்கள் வீட்டார் எவர் உடம்பிலும் இரும்பு படாதிருக்க.

செய்தியாவது: உங்கள் ஊர் உப்பளத்தில் பலகை இழுத்து உப்பு வாரிப் பிழைப்பவள் கொற்றி. கோடை உச்சியில், பாத்தி வெளிச்சத்தில் கண் கூசி நின்ற பெண்களுக்கு இருந்தது ஒரே ஒரு தண்ணீர்ப் பானை. வேலை மந்தம் என்று சினந்து, அளத்து மேலாள் ஏழிலன் அதைக் காலால் எற்றிக் கவிழ்த்தான். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கொற்றிக்கு மூடத் தெரியவில்லை.

"தண்ணியக் கொட்டிட்டீரு. இனி உப்பை யாரு வாருவா, உங்கப்பனா?" என்றாள்.

அவன் இடுப்பு அரிவாளை உருவி அவள் வலது முன்கையில் போட்டான். எலும்பு வெள்ளையாகத் தெரிந்ததாம்.

முந்தானையைச் சுற்றிக்கொண்டு அவள் நேரே உங்கள் மன்றத்துக்குத்தான் வந்தாள். வீட்டுக்குப் போகவில்லை, மருத்துவனிடமும் போகவில்லை. நடுவர் தம் கண்ணால் காணாத காயம் காயமாகாது என்பது உங்கள் மன்றத்துப் பழைய முறை. அன்று நடுவரோ தீர்த்தமாட வடகரை போயிருந்தார்.

"அவர் வந்து பார்க்கணும் ஆத்தா. அதுவரைக்கும் காயம் இருக்கணும். மூடிப்போச்சுன்னா நீ சொல்றதுக்கு என்ன சாட்சி?" என்றான் வாயிற்காவலன். அவன் கெட்டவன் அல்லன். முறையைச் சொன்னான், அவ்வளவே.

மருத்துவன் எயினன் பச்சிலை அரைத்து எடுத்துவந்தபோது, அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கை வேணுமா, வழக்கு வேணுமா தாயி?" என்று அவன் கேட்டான்.

"ரெண்டும்தான் வேணும். கேட்டா மட்டும் குடுத்துருவாங்களா?"

நடுவர் இன்று வருவார், நாளை வருவார் என்று அவள் மன்றத்து முன்றிலில் போய்க் காத்திருந்தாள். அங்கே நிழல் தரும் பந்தல் ஒன்றுதான். ஏழிலன் அதில் காலை நீட்டி வெற்றிலை மென்றுகொண்டிருப்பான். அவனுக்கு எதிரே, வெயில் பாதி முதுகில் விழ, அவள் உட்கார வேண்டும்.

"என்ன கொற்றி, ஆறிருச்சா? ஆறிருச்சுன்னா சொல்லு, அளத்துல உப்பு நெறையக் கெடக்கு, அள்ளி வச்சுக்க" என்று அவன் சிரித்தான். காவலரில் ஒருவனும் சேர்ந்து சிரித்தான்.

அவன் நகைத்துச் சொன்னதை அவள் மெய்யாகவே செய்தாள். பொருக்குக் கட்டும்போதெல்லாம் நகத்தால் பெயர்த்து, ஒரு சிட்டிகை உப்பை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நியாயம் கிடைக்கும் வரை காயத்தைக் காப்பாற்ற வேண்டுமல்லவா? நடுவர் திரும்புமுன் மழை வந்துவிட்டது. கை கறுத்து, காய்ச்சல் ஏறி, நினைவு தப்பியவளைக் கிடத்தி, உயிரையாவது மிச்சம் பிடிப்போம் என்று எயினன் முழங்கைக்கு மேலே அறுத்தெடுத்தான்.

பின்பு நடுவர் வந்தார். மன்றம் கூடியது. காயத்தைக் காட்டுக என்று பணித்தார்.

"அது கையோட போச்சு ஐயா" என்றாள் கொற்றி.

இப்போதுள்ள வெட்டு மருத்துவன் கத்தி இட்டதென்றும், ஏழிலன் இட்ட காயம் எதுவும் மன்றத்தின் முன் இல்லையென்றும், ஆகவே வழக்கு நில்லாதென்றும் நடுவர் தீர்ப்புரைத்ததாக உங்கள் மன்றத்துத் தீர்ப்போலையே சொல்கிறது. ஏழிலன் மறுநாளே அளத்துக்குத் திரும்பினான். ஒற்றைக் கையால் பலகை இழுக்க வராது என்று கொற்றியை அவனே வேலையிலிருந்து நிறுத்தினான்.

அவள் கோநகர் வந்து நம் முன் நின்றாள். அழவில்லை. தலையிலிருந்த பனையோலைப் பெட்டியை இறக்கிவைத்து, "இதையாச்சும் யாராச்சும் பாருங்க" என்றாள். எயினன் அறுத்த கையை அவள் எறியவிடவில்லை. மீனைப் பதப்படுத்துவது போல் உப்பில் புதைத்து வைத்திருந்தாள். சதை சுருங்கிவிட்டது. எலும்பில் அரிவாள் இறங்கிய தடம் அப்படியே இருக்கிறது. நாம் கண்டோம்.

ஆகவே நம் ஆணை. அவ்வழக்கை மீண்டும் எடுத்துக் கேட்க. ஏழிலனைக் கட்டிக் காவலில் வைக்க. இனி அடிபட்டு வருபவரை மருத்துவன் முதலில் தொடுக. அவன் கண்டதே மன்றம் கண்டதாகுக. அவன் கூலி நம் பண்டாரத்தது. வெட்டினவனும் வெட்டுண்டவளும் ஒரு பந்தலில் இருக்க வைத்த மன்றத்தார் இனி அப்பந்தலில் தாமே வெயில் பக்கம் அமர்ந்து பார்க்க. கொற்றிக்கு உயிருள்ளவரை அளத்து விளைவில் பங்கு உண்டு. இதற்கு மாறு செய்வார் நம் ஆணைக்கு மாறு செய்தார்.

இவை பெருந்தேவியார் சொல்ல, முன்பு அதே உவர்ப்பட்டினத்துக் கழியில் உப்பு மூட்டை சுமந்த ஓலைக்காரன் வேட்டன் எழுத்து. சங்கு முத்திரை இட்டது.

இவ்வோலையுடன் அப்பெட்டியும் வருகிறது. காவலரை ஏவாது, நடுவர் தம் கையால் திறந்து தம் கண்ணால் காண்க. கண்டபின் புது உப்பிட்டுக் கட்டி, அவளிடமே ஒப்படைக்க. அதைப் புதைப்பதா, எரிப்பதா, இன்னும் வைத்திருப்பதா என்பதை அவள் சொல்லட்டும்.