முதலாளி வீட்டு ஹாலுக்கு ஒரு விளக்கு

சாத்தூர்,
9.2.2008

அன்புள்ள அக்காவுக்கு,

முதலாளிக்குக் கலையுணர்வு வந்திருக்கிறது. வெடித்துப்போன பட்டாசு மருந்து அறையின் சல்லடை, தராசுத் தட்டு, வளைந்த குழாய் எல்லாவற்றையும் என் பட்டறைக்கு அனுப்பி, பழைய எந்திரம் போல ஓர் அலங்கார விளக்கு செய்யச் சொன்னார். மச்சான் இருந்தவரை விளக்கே கூடாத அறை அது.

நேற்று மேற்பார்வைக்கு வந்தார்.

"கரிக்கறையைத் தேய்ச்சிராதலே, அதுதான் அழகு. அந்த அறை வாசல் செம்புத் தகட்டை அடியில வையி."

"எங்க மச்சான் செத்த எடத்துச் சாமான், மொதலாளி."

"ஆமா, பாவம். இதைத் தொட்டுட்டு உள்ள போயிருந்தா இருந்திருப்பாரு. யாரு கேக்கா?"

உராய்வில் உடம்பில் ஏறும் மின்சாரம் பொறியாகாமல் மண்ணில் இறங்கட்டும் என்று எல்லோரும் கைவைத்துப் போகும் தகடு. மச்சான் தொடாததால்தான் வெடித்தது என்று விசாரணையிலும் இதையேதான் சொன்னார்.

அவர் போனதும் தகட்டைத் திருப்பினேன். மண்ணுக்குப் போகும் கம்பியை மாட்டவேண்டிய துளையில், தகடு செய்தவர்கள் பூசிய அரக்கு அப்படியே அடைத்திருக்கிறது. கம்பி ஒருநாளும் மாட்டப்படவில்லை. ஆறு வருடமாக நாற்பது பேர் வெறும் செம்பைத் தடவிவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். அதன்மேல் பல்பு எரியவிட்டு விருந்தாளிகளுக்குக் காட்டப் போகிறாராம்.

"அவுக தொடாமப் போகமாட்டாக" என்று விசாரணையில் நீ ஒருத்திதான் சொன்னாய். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. உன்னை நம்பவும் இல்லை.

திங்கட்கிழமை வக்கீலிடம் போவோம். தகடு என்னிடம்தான் இருக்கிறது. இந்தத் தடவை நானும் பேசுகிறேன்.

உன் தம்பி