மாதம்மாவின் மஞ்சள் அவரை

18-1-43, திங்கள்

பனி. ஏழு மணிக்கும் எதிர்வீடு தெரியவில்லை. முழங்கால் வலி, தைலம் காலி.

பள்ளிக்கூட வாத்தியார் இன்னும் லீவில். ஓய்வு பெற்றவன் தலையில் ஒன்றாம் வகுப்பு. போன வாரம் கொட்டாங்குச்சியில் ஊன்றிக் கொடுத்த அவரையை எல்லாரும் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். மாதம்மாவுடையதுதான் உயரம், முழுதாக ஒரு சாண். ஆனால் நூல் மாதிரி, வெளிறிய மஞ்சள். மாரியம்மனுக்கு முளைப்பாலிகை வைப்பதுபோல், கண்ணு படக்கூடாதென்று இருட்டறையில் கூடை கவிழ்த்து வைத்தாளாம். யாருடையது உயரம் பார்ப்போம் என்று சொன்னவன் நான்தானே. தப்பு.

"ஐயா, இதுக்கு மஞ்சக்காமாலைங்க! வேப்பிலை அடிங்க!" என்றான் பெருமாள். எல்லாரும் சிரிப்பு. மாதம்மா அழுதாள்.

பிறகுதான் ஞாபகம். அவள் தம்பி பிறந்து ஆறு நாள். அவனும் மஞ்சளாம், கண் உட்பட. அதே இருட்டறை. முந்தின குழந்தையும் இப்படியே போச்சாம்.

"செடிக்கு வெய்யில்தாம்மா சோறு. ஜன்னல்ல வெய்யி" என்றேன்.

"பொழைக்குமாங்க?"

"பார்ப்போம்."

20-1-43, புதன்

இலை பச்சை! தண்டு மட்டும் நிற்கவில்லை. விளக்குமாற்றுக் குச்சி நட்டுக் கட்டினோம். மாதம்மா இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வாங்க: தைலம், சாக்பீஸ். சீமெண்ணெய் இந்த வாரமும் இல்லை.

21-1-43, வியாழன்

காலையில் அவள் அத்தை என் வாசலில். "என்னங்க ஐயா சொல்லிக் குடுத்தீங்க? பச்சப்புள்ளயத் தூக்கிட்டுப் போயி வெய்யில்ல உக்காந்திருக்கா! கேட்டா, ஐயா சொன்னாருங்கிறா!"

நான் சொன்னது அவரைக்கு. நாற்பது வருஷம் உதாரணம் சொல்லியே காலம் தள்ளியவன், இன்றைக்குத்தான் பயந்தேன்.

ஓடினேன். அவள் மடியில் குழந்தை தூக்கம். முகத்துக்குப் பாவாடையால் நிழல் பிடித்திருந்தாள். ஆறு வயசுக்கு அவ்வளவு விவரம்.

அவள் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நாத்தனாரிடம்: "வுடுங்க அண்ணி. எளவெய்யில்தானே. வூட்டுக்குள்ள வெச்சு ஒன்னைப் பறிகுடுத்தாச்சு."

"நான் டாக்டர் இல்லம்மா. தருமபுரி ஆஸ்பத்திரியில் காட்டிடுங்க" என்றேன். தலையாட்டினாள்.

24-1-43, ஞாயிறு

பனி குறைவு. நேற்றே பஸ்ஸில் போய்க் காட்டிவிட்டார்கள். நிறையப் பால் கொடுக்கச் சொன்னார்களாம்.

போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். அம்மா வாசலில், மடியில் குழந்தை. பக்கத்தில் அத்தை, நகர்ந்து நகர்ந்து வெய்யிலுக்கு வழிவிட்டபடி. கண்ணில் மஞ்சள் கொஞ்சம் குறைந்த மாதிரி. என் ஆசையோ என்னவோ.

மாதம்மா என்னைக் குனியச் சொல்லிக் காதோடு கேட்டாள்: "ஐயா, தம்பியும் பச்சையாயிடுவானாங்க?"