உங்கள் தோட்டா ஏன் நீளம், அன்ரன் அண்ணை?

அன்புள்ள அன்ரன் அண்ணை,

உங்கள் றைபிளின் குழலை வெட்டிவிட்டேன். கோபப்படுவதற்கு முன் முழுவதையும் கேளுங்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு செலின் அக்கா அதை என் பெயருக்கு மாற்றித் தந்தார். "லைசென்ஸ் வச்சிருக்கிறவன் நீதானே, கொண்டுபோ. அந்தாள் என்னைவிட இதைத்தான் கூடத் துடைச்சது" என்றார். கூடவே, நீங்களே வெடிமருந்து நிரப்பிச் செய்த தோட்டாக்களில் மிஞ்சியிருந்த ஒரு பெட்டி.

என்னைத் தெரியும்தானே. வான் வண்டியில் மீன் விற்று, பிறகு கடை போட்டு வளர்ந்தவன். ஒரே மீன், ஒரே விலை, பக்கத்துக் கடையில் மட்டும் சனம் நின்றால் எனக்குச் சோறு இறங்காது. சுட்டுப் பழகுகிற றேஞ்சிலும் அதுதான் நடந்தது. நீங்கள் சொன்ன அதே குண்டு, அதே மருந்து வாங்கி நானும் தோட்டா செய்தேன். தூர இலக்கில் என்னுடையவை கடலையை விசிறியதுபோலச் சிதறின. உங்களுடையவற்றில் மூன்றைச் சுட்டேன். மூன்றும் ஒரு உள்ளங்கைக்குள். ஏன்?

காற்றைக் குறை சொன்னேன், தராசைக் குறை சொன்னேன். கடைசியில் உங்களுடையதையும் என்னுடையதையும் சாப்பாட்டு மேசையில் அருகருகே நிறுத்தினேன். உங்களுடையது ஒரு நகத்தடிப்பு அதிக உயரம். குண்டைப் பித்தளைக் கோதுக்குள் ஆழமாக இறக்காமல் வெளியே விட்டிருந்தீர்கள். நீங்கள் அளவில் பிழை விடுகிற ஆளா?

விட்பி நகரத்தில் துப்பாக்கி திருத்துகிற ஒரு வெள்ளைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் மெல்லிய கமரா ஒன்றைக் குழலுக்குள் விட்டுக் காட்டினார். தோட்டா இருக்கிற அறையைத் தாண்டி, குண்டைச் சுழலவைக்கும் வரிகள் தொடங்கும் இடம் எரிந்து, வற்றிய குளம்போல வெடித்துக் கிடந்தது. வரிகள் தேய்ந்து முன்னால் போகப் போக, நீங்களும் குண்டை முன்னால் விட்டுக்கொண்டே போயிருக்கிறீர்கள். இனிமேல் விட இடமில்லை, கோது குண்டைப் பிடித்திருப்பதே பெயருக்குத்தான் என்றார் அவர்.

பின்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டி, புதிதாக அறை கடைந்தால் குழல் பிழைக்கும். ஆனால் அதற்குப் பிறகு உங்கள் நீளத் தோட்டாவை அதில் போடக்கூடாது. குண்டு வரியில் இறுகி, அமுக்கம் ஏறினால் சுடுகிறவனுக்கே ஆபத்து.

அக்காவிடம் கேட்காமல் வெட்ட மனம் வரவில்லை. அந்தப் பெட்டி உங்கள் கை செய்த கடைசிச் சாமான் அல்லவா?

"வெட்டாட்டி?" என்று கேட்டார்.

"இந்தத் தோட்டா முடிய றைபிள் சும்மா கிடக்கும், அக்கா."

"வெட்டினா?"

"அதுக்கு முதல் தோட்டா எல்லாத்தையும் கழட்டவேணும். இல்லாட்டிச் சுட்டு முடிக்கவேணும்."

தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "மனிசன் பூட்டினதை நீ ஏன் கழட்டுறாய்? சுடு. நானும் வாறன்."

வந்தார், அண்ணை. கோயிலுக்குப் போடுகிற கோட்டும், காதில் பெரிய மூடியுமாக எனக்குப் பின்னால் இருந்தார். ஒவ்வொரு வெடிக்கும் "எங்க பட்டது?" என்று கேட்டார். நடுவில் என்று சொன்னால், "ம், அந்தாளின்ர வேலை" என்றார். சுட்டது நான் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

கடைசிக் கோதை எடுத்து மணந்து பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிந்தி வரேக்க அந்தாளின்ர சேட்டில இந்த மணம்தான். ஓவர்டைம் எண்டு சொல்லும். நானும் நம்பின மாதிரி இருப்பன்." இது உங்களுக்குத் தெரியுமா?

இன்னொரு புதினச் செய்தி. வெட்டும்போதுதான் திருத்துபவர் கண்டுபிடித்தார்: குழலின் அடியில் பொறித்திருந்த எழுத்துகளில் பாதி ஏற்கெனவே இல்லை. நீங்கள் முன்னமே ஒருமுறை வெட்டியிருக்கிறீர்கள். வைத்தியம் தெரிந்திருந்தும் இந்த முறை ஏன் வெட்டவில்லை? கஞ்சத்தனமா? அதுவும் உங்களுக்கு வரும்தான். அல்லது தேய்ந்துபோகிற ஒன்றை எதுவரை விடாமல் தொடரலாம் என்று பார்த்தீர்களா?

இப்போது நான் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். மருந்தைக் குறைவாகப் போட்டு, மெல்ல மெல்லக் கூட்டி, அமுக்கம் கூடிய அடையாளம் தேடி ஒவ்வொரு வெறுங்கோதையும் திருப்பிப் பார்க்கிறேன். பிறகு நீளத்தை மயிரிழை மாற்றி மறுபடியும் சுடுகிறேன். சிதறல் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. உங்கள் உள்ளங்கைக்கு இன்னும் தூரம்.

வெட்டி எடுத்த இரும்புத் துண்டை அக்காவிடம் கொடுத்தேன். நடுவில் தோட்டா இருந்த துளைக்குள் ஒரு மெழுகுதிரியைச் செருகி உங்கள் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார். ஆடாமல் நிற்கிறது. "இப்பதான் இது வீட்டுக்கு உதவுது" என்கிறார்.

மூன்று ஓட்டைகள் உங்கள் கையளவுக்குள் விழும் நாளில் அந்தத் தாளை அக்காவுக்கு முன்னால் விரிப்பேன். அன்றைக்காவது அவர் அதை என் வேலை என்று சொல்கிறாரா என்று பார்த்து உங்களுக்கு எழுதுவேன்.

இன்னும் உங்களிடம் தோற்றுக்கொண்டிருக்கும் தம்பி,
குணம்