பச்சைக் கோட்டில் நின்ற முள்

செப்டெம்பர் 7, ஞாயிறு

கோப்பாய் வெளியில் எல்லோரும் உழத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் பழைய டிரக்டர் மட்டும் கொட்டிலில் படங்கு மூடிக் கிடக்கிறது. சிவக்கொழுந்து மாமாவின் இடது கண் போன நாளிலிருந்து அப்பா அதன் பக்கம் போவதில்லை.

இன்று கோயில் வீதியில் மாமாவைக் கண்டேன். "கோபி கதைக்கிறவனோ, பிள்ளை?" என்றார். ஓம் என்றேன். பொய். டோகாவுக்குப் போன கோபி அண்ணை அம்மாவோடு மட்டும்தான் கதைப்பார், அதுவும் இரண்டு சொல்.

செப்டெம்பர் 9

எழுதிப் பார்த்தால் தெளியுமா?

மாசி மாதம். பெரிய வெட்டு மிசின் எங்கள் ஒழுங்கைக்குள் வராது. டிரக்டருக்குப் பின்னால் சூட்டு மிசினைப் பூட்டித்தான் நெல் அடிப்போம். அண்ணை டிரக்டரில். மாமா கதிர் கொடுத்துக்கொண்டு நின்றார். உள்ளே சுற்றிய உருளையின் இரும்புப் பல் ஒன்று கழன்று பறந்து அவர் கண்ணில் பட்டது. வேகம் கூடினால்தான் அப்படிக் கழலுமாம்.

ஆஸ்பத்திரி விறாந்தையில், அத்தனை பேருக்கும் முன்னால் அப்பா: "மழை இருட்டைக் கண்டிட்டு வேகத்தை இழுத்து விட்டிருக்கிறான். உவனுக்கு எல்லாத்திலையும் அந்தரம், அவசரம்."

"இல்லையப்பா. முள்ளு பச்சைக் கோட்டிலைதான் நிண்டது" என்றார் அண்ணை.

டிரக்டரின் மீற்றரில் சூடடிப்பதற்கான வேகத்தைக் காட்டும் கோடு அது. எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்று. அண்ணை இதையே ஒரு கிழமை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு நிறுத்திவிட்டார். வாயை மூடியதை நாங்கள் ஒப்புக்கொண்டதாக எடுத்தோம். சூட்டு மிசினை விற்றுவிடும்படி அப்பாவிடம் ஒற்றைக்காலில் நின்றார், விற்றதும் புறப்பட்டுவிட்டார்.

முள்ளை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. அண்ணையைச் சந்தேகிப்பது சுலபமாக இருந்தது.

செப்டெம்பர் 13

தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பிக்கும் என் சிநேகிதி றொசாந்தியிடம் சுற்று எண்ணும் கருவி கேட்டேன். "வாசிக்கிற புத்தகங்கள் காணாதெண்டு இப்ப மிசினையும் வாசிக்கப் போறியோ?" சிரித்துவிட்டுத் தந்தாள். சுழலும் பாகத்தில் மினுங்கும் ரேப் துண்டொன்றை ஒட்டி, அதன்மேல் வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும். ரேப் மினுங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று.

செப்டெம்பர் 14, ஞாயிறு

அப்பாவும் அம்மாவும் கீரிமலைக்குப் போனார்கள். படங்கை இழுத்தேன். எஞ்சினின் முன்பக்கப் புல்லியில் கிறீஸ் அப்பியிருந்தது. துடைத்தால் அடியில் ஏற்கெனவே ஒரு வெள்ளி ரேப் துண்டு! யார் ஒட்டியது? தெரியவில்லை. அதன் மேலேயே என்னுடையதையும் ஒட்டினேன்.

முள்ளைப் பச்சைக் கோட்டில் நிறுத்தினேன். கருவி இரண்டாயிரத்துக்கு மேல் காட்டியது.

பற்றரி மாற்றினேன். மறுபடியும் இரண்டாயிரத்துக்கு மேல். எஞ்சினை நிறுத்திவிட்டு நிலத்தில் இருந்துவிட்டேன். கோட்டைத் தாண்டாமல் ஓட்டியவரைத்தான் நாங்கள் துரத்தினோம்.

செப்டெம்பர் 16

மீற்றரைக் கழற்றிப் பின்பக்கத்தைப் படம் எடுத்து றொசாந்திக்கு அனுப்பினேன். இது வேறு மாடல் டிரக்டரின் மீற்றராம். அந்த மாடலில் மீற்றரைச் சுழற்றும் கேபிள் வேகமாகச் சுற்றும், எங்களுடையதில் மெல்ல. அதனால் முள் எப்போதும் உண்மைக்குக் கீழேதான் நிற்கும்.

அந்த அறுவடைக்குச் சற்று முன் பழைய மீற்றர் பழுதானபோது, பழைய சாமான் கடையில் இதைத் தேடி எடுத்துவந்து பூட்டியவர் அப்பா. முகமும் அதே முகம், ஓட்டைக்கும் அச்சொட்டாகப் பொருந்தியது. "இஞ்சை பாரும், அளந்து செய்தமாதிரி இருக்கு" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாரே!

மீற்றரைத் திரும்பப் பூட்டினேன். அண்ணைக்கு வீடியோ அனுப்பினேன். பார்த்துவிட்டார். பதில் இல்லை.

செப்டெம்பர் 18

அப்பாவுக்குச் சொல்லிவிட்டேன்.

நான் வாசித்த நாவல்களில் உண்மை தெரிந்தால் ஏதோ ஒன்று திறக்கும். யாராவது அழுவார்கள், யாராவது புறப்பட்டுப் போவார்கள். அப்பா கொட்டிலுக்கு வந்து, "இன்னொருக்கால் பிடி, பிள்ளை" என்றார். பிடித்தேன். இலக்கத்தைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார்.

"நான்தானே பூட்டினனான்."

அவ்வளவுதான். இரவு சாப்பிட வரவில்லை.

செப்டெம்பர் 19

அண்ணையின் பதில் இன்று வந்தது. அப்படியே எழுதிவைக்கிறேன்.

"அப்பாவிட்டைக் காட்டிப்போடாதை. வெளிக்கிட முதல் நானும் அளந்து பாத்தனான். அந்தாள் ஆசையாய்த் தன்ரை கையாலை பூட்டினது. தெரிஞ்சால் தாங்கமாட்டுது. மாமாவுக்குக் கண் திரும்பி வரப்போறதில்லை. பழி என்னோடை போகட்டும்."

அந்த ரேப்! கிறீசுக்கு அடியில் கிடந்த அந்த ரேப்.

ஐயோ, நான் என்ன செய்துபோட்டன்? ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதோ? அண்ணை மூடி வைச்சதை நான் ஏன் கிண்டினன்—

செப்டெம்பர் 20

அப்பா தேத்தண்ணி மட்டும் குடிக்கிறார்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

காலையில் அப்பா மீற்றரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது பை வெறுமையாக இருந்தது.

"மாமா என்ன சொன்னவர், அப்பா?"

"தேத்தண்ணி தந்தவர்."

பின்னேரம் அண்ணை அம்மாவுக்குப் போன் எடுத்தார். அப்பா போனுக்குக் கையை நீட்டினார். அண்ணை போன பிறகு இதுதான் முதல் தடவை. அம்மா போனின் சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தார். "தம்பி" என்றார் அப்பா. அதற்குமேல் வரவில்லை. அந்தப் பக்கம் ஒரு வாகனம் ஹோர்ன் அடித்தது. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்று அண்ணைக்கு விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

"சாப்பிட்டியளோ, அப்பா?"

"ஓம், தம்பி. வடிவாய்ச் சாப்பிட்டனான்."

மத்தியானச் சோறு மேசையில் மூடியபடி இருந்தது.